மெஹர் அடித்துவிட்ட வரி

செவ்வாய்க்கிழமை காலை செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது கோவளத்திலிருந்து போன் வந்தது. என்னோடு ஆய்வு செய்த மெஹருன்னிசாவின் தம்பி. "அண்ணே, அக்கா மவுத்தாயிட்டாங்க. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." எங்களோடு ஆய்வுக்கூடத்தில் இருந்த நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பந்தாய் ஊதிக்கொள்ளும் பேத்தை மீனின் நஞ்சு நரம்புகளை முடக்கும் என்பது கோவளத்தில் எல்லோருக்கும் தெரியும். அது சிறுகச் சிறுக உடலில் சேர்ந்தால், மூளையில் ஊறும் நீர் வடியாமல் தேங்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. மீன்களை மெஹரே கரைக்குப் போய்க் கேட்டு வாங்கி வருவார். ஒருமுறை நானும் போனேன். வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் மெஹரிடம் கேட்டார்: "இன்னாம்மா, மீனைத் துன்னா மண்டைல தண்ணி கோத்துக்கும்னு எழுதப் போறியாமே? அப்புறம் எங்க மீனை எவன் வாங்குவான்?"

"இன்னும் தெரியலக்கா. தெரியாம ஒரு வரி எழுத மாட்டேன்" என்றார் மெஹர்.

நஞ்சு கொடுத்த எலிகளின் மூளையில் நீரறைகள் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டுரையில் 'தொடர்பு உறுதி' என்று எழுதிவிட்டேன். மெஹரோ நஞ்சு கொடுக்காத எலிகளையும் மறுபடி பார்த்தார். அவற்றிலும் சிலவற்றுக்கு அதே வீக்கம். அந்த எலி வம்சத்துக்கே பிறவிக் கோளாறு. என் வரியை அடித்துவிட்டார்.

"ரெண்டு வருஷ உழைப்பு போச்சே!" என்று கத்தினேன்.

"போனா போவட்டும் முருகேசா. நம்ம பேர்ல பொய்யி போவக் கூடாது."

ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளறையிலிருந்து அப்பா பாதத்தைத் தூக்காமல், தரையோடு இழுத்து இழுத்து வந்தார். மறதி, வேட்டி நனைவது எல்லாவற்றையும் வயதென்று விட்டிருந்தோம். மெஹர் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வயசு இல்ல. தலைல நீர் தேங்கிக்கினு கீதுன்னு தோணுது. நாளைக்கே ஸ்கேன் எடு."

அவர் சொன்னது சரியாக இருந்தது. அறுவை சிகிச்சையில் அந்த நீரை வயிற்றுக்கு வடியவிடும் குழாய் வைத்தார்கள். சில வாரங்களில் அப்பா தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போய்வந்தார். நாங்களும் வேறு எலிகளோடு முதலிலிருந்து தொடங்கினோம். விடை இன்னும் கிடைக்கவில்லை.

அடக்கத்துக்கு அப்பாவும் வந்தார். பள்ளிவாசலைத் தாண்டினால் மணல். கை கொடுத்தேன், தட்டிவிட்டார். "வுடுறா. அந்தப் பொண்ணு குடுத்த காலு இது."

மெஹரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, 'தெரியவில்லை' என்று கூசாமல் சொல்லும் பழக்கம். இன்னொன்று, என் அப்பா.