அமெரிக்கா நைனா

மேடையேறிப் பேசி, பரிசாக ஒரு சோப்பு டப்பா வாங்கிவிட்டால் உலகமே நம் கையில் என்று நினைக்கிற வயது. நான் ஐந்தாம் வகுப்பு. உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளியில், கோடை விடுமுறை முடிந்த கையோடு பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'நான் வியக்கும் எழுத்தாளர்'. யார் யார் யாரைப் பற்றிப் பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். வேறு ஆள் வேண்டுமென்று அத்தையிடம் ஓடினேன்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அந்த வருடம்தான் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். செங்கல்பட்டு காலேஜில் இங்கிலீஷ் படிக்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். தாத்தா அசையவில்லை. "பஸ்ல தொங்கிக்கினு போயி படிச்சி இன்னா கிய்க்கப் போற? படிச்சதெல்லாம் போதும், வூட்ல குந்து." காலேஜில் சேர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அத்தை உண்ணாவிரதம் இருந்து பார்த்தாள். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று அதுவும் முடிந்துபோனது.

"அமெரிக்காவுல ஒரு அம்மா கீறாங்க. நாவல் எழுதறவங்க, ஒலகம் பூரா பேரு. அவங்களப் பத்திப் பேசு, எவனும் வாயத் தொறக்க மாட்டான்" என்றாள் அத்தை. அவளுடைய இங்கிலீஷ் புத்தகத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படம் இருந்தது. மூக்குக் கண்ணாடி, குட்டை முடி. அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன்!

துணி துவைத்துக்கொண்டே அத்தை சொல்லச் சொல்ல, நான் படியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். அந்த அம்மாவின் நைனா சோள வியாபாரி. அப்பாவை அத்தை நைனா என்றுதான் சொல்வாள். பெண் படிப்பில் கெட்டி. ஆனாலும் போதும் என்று நிறுத்திவிட்டார். அவள் சோளம் உரித்துக்கொண்டே கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கதை எழுதினாள். கடைசியில் ஒரு விடியற்காலை, சோளக்கொல்லை வழியாக ஓடிப்போய்க் காலேஜில் சேர்ந்தாள். நாவலை எந்தக் கம்பெனியும் போடவில்லை. அப்புறம் ஒரு கம்பெனி போட்டது. உலகமே தேடித் தேடிப் படித்தது. அந்த இடம் வந்தபோது நான் குதித்த குதியில் வாளித் தண்ணீர் கொட்டிப்போனது.

அந்த அம்மாவின் உண்மையான வரலாறு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அதில் சோளக்கொல்லை இல்லை, ஓட்டமும் இல்லை. அவருடைய அப்பா வக்கீல். மகளைச் சிறு வயதிலேயே நூலகத்துக்குக் கைபிடித்து அழைத்துப்போனவர். இதெல்லாம் அன்று எனக்கு எப்படித் தெரியும்?

விழா நாள். தாத்தாதான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். சால்வையோடு மேடையில் நடுநாற்காலியில் இருந்தார். மைக்கைப் பார்த்ததும் மனப்பாடம் பறந்துவிட்டது. அந்த அம்மாவின் பெயரையே மூன்று விதமாகச் சொன்னேன். ஐயோ, மானம் போச்சே என்று நினைத்தபோது கதை நினைவுக்கு வந்தது. நடித்தே காட்டிவிட்டேன். கோபமான நைனா எப்படிப் பேசுவார்? எனக்குத் தெரிந்த கோபக்கார நைனா ஒருவர்தான். தோளில் இல்லாத துண்டை உதறி, தொண்டையைச் செருமி, "படிச்சதெல்லாம் போதும், வூட்ல குந்து!" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அமெரிக்காவைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே உற்சாகம். இன்னும் இரண்டு முறை உதறினேன்.

தலைவர் கடைசியில் எழுந்து, பேசிய ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெற்றவர்களுக்குக் கோபம் வரும். என் முறை வந்ததும் தாத்தா பொங்கிவிட்டார். தன் குரல் தனக்குத் தெரியாது போலிருக்கிறது.

"அந்த அமெரிக்கா நைனாவுக்கு அறிவு கீதா? நல்லா படிக்கிற பொண்ண வூட்ல குந்த வெச்சிக்கினு! நம்ம ஊரா இருந்தா நானே போயி நாக்கப் புடுங்கிக்கிற மாரி கேட்டிருப்பேன்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பெண்கள் பக்கத்தில் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது அத்தை. தாத்தா அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உட்கார்ந்து, எதிரே இருந்த சோடாவை ஒரே மூச்சில் குடித்தார். எனக்கு இரண்டாம் பரிசு, பச்சை சோப்பு டப்பா!

மறுநாள் காலை தாத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "கெளம்புமே, காலேஜுக்கு" என்றார். அத்தை அழுதுகொண்டே தலை பின்னினாள். எல்லாம் என் சோப்பு டப்பாவின் மகிமை என்று அதையும் தூக்கிக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். செங்கல்பட்டு பஸ்ஸில் சரியான கூட்டம். எனக்கும் அத்தைக்கும் சீட் கிடைத்தது. தாத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏமே, அந்த அமெரிக்கா நைனா... கடசில மனசு மாறினானா?"

எனக்குத்தானே தெரியும்! "இல்ல தாத்தா, அவங்க சோளக்கொல்ல வழியா..." என்பதற்குள் அத்தை என் வாயைப் பொத்திவிட்டாள்.

"மாறிட்டாரு, நைனா. அவரே கூட்டிக்கினு போயி சேத்தாரு."

எனக்கு வந்ததே கோபம்! அவளே சொல்லிக்கொடுத்த கதையை, அதுவும் பரிசு வாங்கிய கதையை, அவளே மாற்றுகிறாள். செங்கல்பட்டு வரும்வரை நான் அத்தையோடு பேசவே இல்லை.