ஐஸ் கடிக்கும் மருமகள்

இன்று ஜூலை 14. எனக்கு வயது எழுபத்தாறும் இரண்டு மாதமும்.

எங்கள் தீவில், பத்துபஸ்திப் பகுதி மளிகைக் கடையில் பாய் அலுத்துக்கொண்டார்: “மருமவ நாள் பூரா ஐஸைக் கடிக்கிறா, டீச்சரம்மா. க்யா கரே, என்ன செய்ய?”

பின்னால் நின்ற அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது.

“இரும்புச்சத்து கொறஞ்சாலும் ஐஸ் கேக்கும், பாய். ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க.”

“ஐஸுக்கு டெஸ்ட்டா? கப்பல் சரக்கு எறங்கட்டும், பாப்போம்.”

நான் அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்தேன். “இவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். நீங்க யாவாரத்தப் பாருங்க.”

அரிசி வாங்க வந்தவர்கள் முணுமுணுக்கவே, பாய் ஆட்டோவை அழைத்தார். மாலையில் செய்தி வந்தது: ரத்தம் மிகக் குறைவு, மாத்திரை தொடங்கியாயிற்று.

வாசகர்களே, உங்கள் வீட்டில் யார் எதைக் கொறிக்கிறார்கள்? கூசாமல் எழுதுங்கள்.

முதல் பிள்ளையைச் சுமந்தபோது நான் அடுப்புச் சாம்பல் தின்றேன். நான் சாம்பலால் பல்தான் துலக்கினேன் என்று நம்பியே என் கணவர் போய்ச் சேர்ந்தார்.