அசனத்தில் அதிகாரி இல்லை

நிர்வாகம் என்ற பெயரில் ஒருவர் இன்னொருவரை ஆட்டிவைப்பது எதற்கு என்று கேட்பதுதான் என் ஆராய்ச்சி. மேலாளராகத் துடிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, மேலாளர்களைச் சந்தேகப்படக் கற்றுத்தருகிறேன்.

பாலவனத்தம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதை விளக்க அப்பா பட்ட பாடு சொல்லி மாளாது. "மேனேஜ்மென்ட்டுல டாக்டரு" என்பார். எந்த மில்லில் மேனேஜர் என்று கேட்பார்கள். மேனேஜர்களைக் குறை சொல்வதுதான் என் வேலை என்று நான் ஒருமுறை சொல்லப்போக, அதற்குப் படிப்பு வேறு வேண்டுமா, மில்லுக்குப் போகிற நாங்கள் சும்மாவே செய்கிறோமே என்று சிரித்தார்கள். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வருடம் எங்கள் கிறிஸ்தவ சபையின் அசனம் வந்தது. ஊரே கூடி ஆக்கி, ஊரே கூடிச் சாப்பிடும் விருந்து அது. வழக்கமாக எல்லோரையும் ஏசி வேலை வாங்கும் பெரியப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். எம்மக பாத்துக்கிடுவா என்று சபைக் கூட்டத்தில் அப்பா எழுந்து சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரே குஷி. இத்தனை காலம் எழுதியதை ஊரறியச் செய்துகாட்டி, அப்பாவைத் தலைநிமிர வைத்துவிடலாம். தலைவர் கிடையாது, ஏச்சு கிடையாது, பொறுப்பு எல்லோருக்கும் பொது என்று அறிவித்தேன். சிரிப்பும் பேச்சுமாகக் கறி வெட்டினார்கள், வெங்காயம் உரித்தார்கள். திட்டு வாங்காத அசனம் இதுதான் என்று சித்தி மெச்சிக்கொண்டாள். உப்பும் பொதுப் பொறுப்பில்தான் இருந்தது. குழம்பு அண்டாவைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் அக்கறையாக ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

முதல் பந்தியில் போதகர் ஜெபம் முடித்து ஒரு வாய் வைத்தார். உடனே தண்ணீரைத் தேடினார். பந்தி முழுக்கக் கைகள் தண்ணீருக்கு நீண்டன. போதகர் பக்கத்தில் அப்பா. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், உப்பைக் கண்டாலே ஒதுங்க வேண்டியவர், இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொழம்பு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தச் சொல்லு தாயி. நல்லாத்தான இருக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாளியோடு வந்த சித்தியின் கரண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாவுக்கு ஊத்தாதீக. யாருக்குமே ஊத்தாதீக. கொழம்பை உள்ள கொண்டுபோங்க, ரசத்தை எடுத்துட்டு வாங்க."

என் வாயிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. சொன்னது சொன்னபடி நடந்தது.

அப்பா போதகர் பக்கம் திரும்பினார். அப்பா முகத்தில் அப்படியொரு பூரிப்பை என் பட்டமளிப்பு நாளில்கூட நான் பார்த்ததில்லை.

"பாத்தீகளாய்யா," என்றார், "எம்மக மேனேஜரு."