பத்தரை மணி மேகம்

நாள்காட்டியில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்ட நாளென்றால் காலை பத்து மணிக்கே குமாரசாமி வாசலுக்கு வந்துவிடுவார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். மேகம் மூடியிருந்தால் முகம் மலர்ந்துவிடும். "இன்னைக்கு வந்து என்னத்தப் பாத்துக் கிழிக்குதுன்னு பாக்கறேன்" என்று உள்ளே போய் இன்னொரு டம்ளர் காப்பி கேட்பார்.

இருபத்துநான்கு நாளுக்கு ஒருமுறை பத்தரை மணிவாக்கில் தலைக்கு மேலே போகிற செயற்கைக்கோளின் மீதுதான் இத்தனை ஆங்காரமும். சூலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் அவர் கிராம நிர்வாக அலுவலர். எந்தக் காட்டில் சோளம், எதில் பருத்தி, எது தரிசு என்று இருபது வருஷமாக அடங்கல் புத்தகத்தில் எழுதி வருகிறார். அதே வேலையை அது ஒரே படத்தில் முடித்துவிடுகிறதாம். கோயம்புத்தூர் அலுவலகத்தில் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டி, அதற்கென்றே ஒரு குழல்விளக்கும் போட்டிருக்கிறார்கள். குமாரசாமியின் புத்தகம் அதற்கடியில் பெஞ்சில் கிடக்கிறது.

"பச்சைப் பயிரெல்லாம் இதுல செவப்பாத் தெரியுமுங்க சார்" என்று அங்கே வேலை செய்யும் பாலகோபால் விளக்கினான். "பச்சையச் செவப்புங்கறதெல்லாம் ஒரு கண்ணாப்பா?" என்று கேட்டார் இவர். ஆனாலும் அது வரப்போகிற தேதிகளை மட்டும் மறக்காமல் எழுதி வாங்கிக்கொண்டார்.

பொறாமைதான், அவரே மறைப்பதில்லை. "எனக்கு மூட்டுவலி. அதுக்கு மூட்டே இல்லீங்களே" என்பார். மனைவி மாசாணியம்மாள், "ஏனுங்க, சக்களத்தியப் பாக்கற மாதிரி மானத்தையே அண்ணாந்து மொறைக்கறீங்க?" என்றால் குடையை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொள்வார்.

மூட்டுவலி பொய்யில்லை. ஓடைக்கு அக்கரையில் இருக்கும் காடுகளுக்கு அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இக்கரையில் நின்று, ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். அப்படித்தான் சாமியாத்தாளின் மூன்று ஏக்கர் சோளம் புத்தகத்தில் தரிசாகிப் போனது.

வறட்சி நிவாரணப் பட்டியலில் பெயரில்லை என்றதும் அவள் வந்து வாசலில் நின்றாள். "பாதி கருகிப் பாதி பச்சையா நிக்குதுங்க. பயிரே வெக்கலைன்னு எழுதிப்போட்டீங்களே. வர்ற வாரம் மாட்டுக்கு அறுத்துப்போட்டா, அப்பறம் எதைங்க காட்டுவேன்?"

குமாரசாமிக்கு வெட்கமாக இருந்தது. அன்றே கோயம்புத்தூர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப்போய்த் தப்பு தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். கையெழுத்தான புத்தகத்தை இனித் திருத்த முடியாது, போன படத்தில் அந்தக் காட்டை மேகம் மறைத்துவிட்டது, அடுத்த படத்தில் பயிர் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். தலைக்கு மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போயும் போயும் இதனிடமா கையேந்துவது என்று அவருக்கு வயிறு எரிந்தது.

நேற்று வட்டமிட்ட நாள். ஆடிக்காற்றில் மழையில்லாத மேகங்கள் மேற்கிலிருந்து வந்துகொண்டே இருந்தன. குமாரசாமி காப்பி கேட்கவில்லை. முழங்காலைப் பிடித்தபடி ஓடையில் இறங்கி, அக்கரை ஏறி, சாமியாத்தாளின் சோளக்காட்டு நடுவில் போய் நின்றார். மணி பத்து இருபத்தைந்து. ஒரு பெரிய மேகம் காட்டின் மேல் நகர்ந்து வந்தது. அவர் கக்கத்துக் குடையை எடுத்து உயர்த்தி, களத்தில் காக்கை விரட்டுகிற மாதிரி, "சூ... சூ..." என்று அதை விரட்டத் தொடங்கினார்.