அம்மா மறுபடி பேசிய குளிர்காலம்

டில்லியில் குளிர்காலம் வந்துவிட்டதை முதலில் மூக்குதான் சொல்லும். சாயங்காலம் ஐந்து மணிக்கு, அரசாங்கக் குடியிருப்பின் வரிசை நெடுக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் "அங்கீட்டி" என்கிற வாளி அடுப்பைப் பற்றவைப்பார்கள். கரிப்புகை முழங்கால் உயரத்துக்குப் படர்ந்து, கம்பளிச் சட்டைக்குள்ளும் தலைமயிருக்குள்ளும் ஏறிக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடம் வரை கூடவே வரும். புகை அடங்கித் தணலான பிறகுதான் அடுப்பை உள்ளே எடுத்துப் போவார்கள். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதான அந்தக் குளிர்காலத்தில், எங்கள் வாசலில் மட்டும் புகை எழவில்லை.

தம்பி சாமு அந்த வருட மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். நான்கே நாள் காய்ச்சல். அதன்பிறகு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மத்திய அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த அப்பா காலையில் ஸ்டவ்வில் சோறு பொங்கி வைத்துவிட்டு ஆபீஸ் போவார்; மாலையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் ஆறுதல் வசனங்களைச் சொன்னார்கள். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் என்னிடம் மட்டும், நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "எனக்கு எதுக்குட்டி இந்த உசுரு?" என்றாள். அன்றிலிருந்து மந்திர் மார்க்கில் இருந்த என் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை ஓடுவேன். ஓடிவந்து, கதவைத் தள்ளாமல், உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்பேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களான நாங்கள் போதகரை "ஐயர்" என்றுதான் சொல்வோம். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஐயர் சைக்கிளில் வந்தார். ஜெபம் பண்ணப்போகிறார் என்று நான் முக்காடு போட்டுக்கொண்டேன். அவரோ, படுத்திருந்த அம்மாவின் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

"உடன்குடிப் பக்கத்துப் பொம்பள ஒருத்தி மகளைக் கொண்டாந்து பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கா. பிள்ளைக்கு நெஞ்சுல கோளாறு. கூட ஆள் இல்ல, இந்தியும் தெரியாது. ரொட்டி தொண்டையில இறங்க மாட்டேங்குதாம். கொஞ்சம் கஞ்சி வச்சுத் தந்தா கொண்டு போயிருவேன்."

அம்மா அசையவில்லை. "சரி, நானே வைக்கேன்" என்று ஐயர் எழுந்தார். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் இல்லை. மூலையில் கிடந்த அங்கீட்டியை இழுத்து, சமையலறைக்குள்ளேயே வைத்துப் பற்றவைத்தார். ஐந்து நிமிஷத்தில் வீடு முழுக்கப் புகை. நானும் அவரும் இருமிக்கொண்டு கண்ணைக் கசக்கும்போது, அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி வந்து நின்றாள்.

"தள்ளுங்க ஐயா. வீட்டையே கொளுத்திருவீங்க போல."

நான்கு மாதத்தில் அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். கஞ்சி வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ஐயர், "நல்லா இருந்துச்சாம். உப்புதான் கொஞ்சம் காணாதுன்னா" என்றார். அம்மாவுக்குச் சுருக்கென்றது. "உப்பு நான் அளந்துதான போட்டேன்? யாரு அவ, எங்க இருக்கா?" என்று கேட்டு, மறுநாளே புதுக் கஞ்சியோடு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்தப் பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். வார்டின் கோடியில், பதினாறு வயது மகளின் கட்டிலுக்கடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா, "நீதானா உப்பு காணாதுன்னவ?" என்று கேட்டதுதான் தாமதம், அவள் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஐயர் வந்துபோகும் நேரம் தவிர, அவள் காதில் தமிழ் விழுந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"டாக்டரு தெனமும் வந்து என்னமோ கேக்காரு, ஒரு தாளை நீட்டுதாரு. எனக்குப் பயமா இருக்கு. மாட்டேன்னு தலையாட்டிருதேன்" என்றாள்.

காய்கறிக்காரனிடம் பேரம் பேசிக் கற்ற இந்திதான் அம்மாவுக்கு. அதை வைத்துக்கொண்டே டாக்டரை வழிமறித்தாள். "டாக்டர் சாப், காகஜ் மே க்யா ஹை?" அவர் பொறுமையானவர், தாளில் என்ன இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கும் தாள் அது. செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, தள்ளிப்போட்டால் இல்லை. அம்மா பேச்சியம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னாள். பேச்சியம்மாள் கட்டிலில் கிடந்த மகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெருவிரலை நீட்டினாள். அம்மா அதைப் பிடித்துத் தாளில் வைத்து அழுத்தினாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, எனக்கா தனக்கா என்று தெரியாமல் பேசினாள். "சாமுவை ஏன் எடுத்துக்கிட்டாருன்னு ஆண்டவர்ட்ட இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பதில் இல்ல. ஆனா என்னைய எதுக்கு வச்சிருக்காருன்னு இன்னைக்குக் கொஞ்சம் தெரிஞ்ச மாதிரி இருக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கதவுக்கு வெளியே நின்று காது கொடுக்கும் வேலை அன்றோடு முடிந்துவிட்டது. ஆனாலும், நான் இருக்கிறேனே, அது போதாதா என்று கேட்கத் தோன்றியது. பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

அந்த மகள் பிழைத்தாள். இரண்டு மாதம் கழித்து ரயிலேறிப் போனாள். அதற்குள் வேறு வார்டுகளில் வேறு தமிழ்க் குரல்களை அம்மா கண்டுபிடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் மறுபடி வந்தாள். முதல் சில வாரம் பாடாமல் நின்றாள், பிறகு பாடினாள். நானோ பள்ளிக்கூடம் விட்டு வந்து, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி "ஆன்ட்டி"யிடம் சாவி வாங்கி, ஆறிய சோற்றைத் தனியாகச் சாப்பிட்டு வளர்ந்தேன். பதிமூன்று வயதில், காய்ச்சலில் கிடந்த ஒரு காலை, அம்மா செருப்பு மாட்டுவதைப் பார்த்துக் கத்தினேன்: "நானும் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தாத்தான் என்னைப் பாப்பியா?"

அம்மா செருப்பைக் கழற்றினாள். கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் மூஞ்சியில சாமு மூஞ்சிதான்ட்டி தெரிஞ்சுச்சு. உன்னையும் எடுத்துக்கிடுவாரோன்னு பயந்து, உன் பக்கத்துல வராமலே இருந்துட்டேன். மத்தவங்க பிள்ளைய பாக்க அந்தப் பயம் இல்ல."

அன்று அவள் எங்கும் போகவில்லை. என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை இருந்தாள். மறுநாள் காய்ச்சல் விட்டது. அதற்கு மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் தடுக்கவில்லை.

அம்மா போய் எட்டு வருடமாகிறது. சாமுவை ஏன் எடுத்துக்கொண்டார் என்ற கேள்விக்குக் கடைசிவரை அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை, கேட்பதையும் விடவில்லை. அவளுடைய விசுவாசம் அப்படிப்பட்டது. என்னுடையது அவ்வளவு திடமானதல்ல. ஆனாலும் எதற்கு இருக்கிறேன் என்று தோன்றும் நாட்களில், யாருக்காவது தேவைப்படும் இடமாகப் பார்த்துப் போய் நிற்கிறேன். நின்றால் அந்த நாள் கடந்துவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் இப்போது தமிழ் நோயாளிகளின் கையில் செல்போன் இருக்கிறது. அதுவே இந்தி பேசிக்கொடுக்கிறது. ஐயரும் இல்லை, பஞ்சாபி ஆன்ட்டியும் இல்லை. போன மாதம் பழைய குடியிருப்புப் பக்கம் போனேன். வரிசை வீடுகளை இடித்துப் பதினான்கு மாடி எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் வாசல் எந்தத் தூணுக்குக் கீழே போனது என்று தேடிக்கொண்டு நின்றபோது, கேட்டில் இருந்த காவலாளி வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டான்.

"யாரையும் இல்லை" என்று இந்தியிலேயே சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.