அரசி வேடத்துக்கு ஊர் கேட்டார்கள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கோபத்தோடு எழுதினால் வரிசை குலைந்துவிடும்.

1. ஷார்ஜாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு, வருடா வருடம் போல, பிள்ளைகளை வைத்து ஒரு சரித்திர நாடகம் போடச் சொன்னார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு, கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் நம் சீமைகளைப் பிடித்த காலம். எழுதுவதும் இயக்குவதும் என் பொறுப்பு.

2. அரசி வேடத்துக்காக எல்லாப் பெண் பிள்ளைகளையும் ஒரே வசனத்தைப் பேசச் சொன்னேன். ராஸ் அல் கைமாவிலிருந்து வரும் பதினொரு வயதுப் பெண் பேசி முடித்ததும், போட்டிக்கு நின்ற மற்ற பிள்ளைகளே கை தட்டிவிட்டார்கள். அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

3. ஒத்திகையின்போது சங்கத் தலைவர் அவளுடைய அப்பாவிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார்.

4. அடுத்த ஒத்திகைக்குள் அரசியை மாற்றச் சொன்னார்.

5. அவளுக்கு வேறொரு வேடம் கொடுக்கச் சொன்னார். எந்த வேடம் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

நாடகத்தில் வரும் அரசர்கள், அரசிகள் யாருடைய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. பெயர் வந்தால் போதும், அவர் எங்களவர் என்று ஒருவர் வந்து நிற்பார். கதையை மட்டும் சொல்கிறேன். ஓர் அரசி. அவள் கணவனைக் கும்பினிப் படை சுட்டுக் கொன்றது. கைப்பிள்ளையோடு தப்பிய அவள், பல வருடங்கள் திண்டுக்கல் பக்கத்துப் பாளையம் ஒன்றில் மறைந்திருந்தாள். மைசூர்க்காரர் படையும் துப்பாக்கியும் கொடுத்து உதவினார். அவள் திரும்பி வந்து சீமையை மீட்டாள். அந்தப் போரில் அவளுடைய படையைச் சேர்ந்த ஒரு பெண் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு எதிரியின் வெடிமருந்துக் கிடங்குக்குள் குதித்தாள் என்று சொல்கிறார்கள்.

நான் கட்டடங்களுக்கு ஏசி குழாய்கள் போகும் வழியை வரைகிற இன்ஜினியர். சரித்திரம் படித்தவள் இல்லை. ஆனால் அந்த அரசி யார் யாரை நம்பிப் பிழைத்தாள் என்று எழுதிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. வேறு மதத்துக்காரர், வேறு மொழிக்காரர், வேறு சீமைக்காரர். அவர்கள் இல்லாவிட்டால் அவளுக்குச் சீமையும் இல்லை. இதைத்தான் நாடகமாக எழுதினேன்.

ஒத்திகை சனிக்கிழமைகளில், ஷார்ஜாவின் ரோலா பகுதியில் சங்கத்துக்காக ஒருவர் விட்டுக்கொடுத்திருந்த அறையில். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ராஸ் அல் கைமாவில் செராமிக் ஃபேக்டரியில் வேலை. இரவு டியூட்டி முடித்துத் தூங்காமல் மகளை வண்டியில் கூட்டி வருவார். வழியில் டிராஃபிக் என்றால் தாமதமாகும். வந்ததும் "ஸாரிக்கா, ஸாரிக்கா" என்று அவள் ஓடி வருவாள். வசனம் ஒன்றுகூடத் தப்பாது. தன்னுடையது மட்டுமல்ல, கும்பினித் தளபதியின் வசனமும் தெரியும். அந்தப் பையன் மறந்து நின்றால் வாயை அசைத்துக் காட்டுவாள்.

வேட உடைகளைத் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டவர் ரோலாவில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். கீழக்கரைப் பக்கத்துக்காரர். அளவெடுக்கப் போன அன்று கடையில் சொன்னார்: "மூணு வருசமா எம் மவனுக்கு மைசூர்க்காரர் வேசந்தான். தலைப்பாக்கூட மாத்தல. ஒரு தடவ அவனையும் பாளையக்காரனாப் போடுங்கம்மா. மீசை வச்சா எடுப்பா இருப்பான்."

"நாடகத்துல நல்ல ரோல்தானே பாய் அது?"

"நல்ல ரோல்தான். யாரு இல்லன்னா? மத்த புள்ளைக வருசத்துக்கு ஒரு ராசா. எம்புள்ளைக்கு ஒரே ராசா."

நான் சிரித்தேன். சற்று யோசித்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். வேடங்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதை அவர் வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். வெள்ளையாக இருக்கிற பையன் எப்போதும் கும்பினித் துரை. பாயின் பையன் எப்போதும் மைசூர். பாளையக்காரர்களும் அரசிகளும் யாருடைய பிள்ளைகள் என்பதும் முன்பே முடிவானது. எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

தலைவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே யாராவது இறந்தால் உடலை ஊருக்கு அனுப்ப முதலில் ஓடுகிறவர் அவர். அதையும் சொல்ல வேண்டும். அவர் அன்று ஒத்திகைக்குச் சமோசாவோடு வந்தார். பெண் பேசுவதைக் கேட்டு, "யாரும்மா இது? கண்ணுல தீப்பொறி பறக்குது" என்றார். பிறகு ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பாவிடம் போனார். அவளும் ஓடிப்போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"விருதுநகர் பக்கம்ண்ணே."

"பக்கம்னா?"

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அட, அங்க நமக்கு நிறைய சொந்தக்காரங்க இருக்காங்களே. ஊருக்குள்ளயா, தள்ளியா?"

"ரோட்டுக்குக் கிழக்கண்ணே."

"சரி சரி. சமோசா எடுத்துக்கங்க."

நான் பக்கத்திலேயே இருந்தேன். சமோசா எடுத்துக்கொள்ளச் சொன்ன குரல் மாறவே இல்லை. மாறியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் இருந்தபோது போன் செய்தார்.

"தங்கச்சி, நாடகம் அருமை. ஒரே ஒரு சின்ன மாத்தம். அரசிய மட்டும் மாத்திருவோம்."

"ஏண்ணே? அவ நல்லாப் பண்றாளே."

"நல்லாத்தான் பண்ணுது, யாரு இல்லன்னா. நம்ம விழாவுக்குப் பணம் குடுக்குற ஸ்பான்சர் அந்த அரசி வம்சம்மா. வீட்டுல படம் வச்சுக் கும்புடுறவங்க. அவங்க முன்னாடி அந்த வேசத்துல இந்தப் புள்ள வந்து நின்னா நல்லா இருக்காது. நீ நம்ம பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா?"

நம்ம பொண்ணு. என்னிடம் அவர் ஊர் கேட்டதில்லை. எப்போதோ என் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்.

"அப்ப அவளுக்கு என்ன வேசம்ணே?"

"அதையும் யோசிச்சிட்டேன். அந்தக் கிடங்குல குதிக்கிற பொண்ணு இருக்குல்ல, அந்த ரோல் குடுத்துரு. அதுவும் பெரிய ரோல்தான். கைதட்டு அதுக்குத்தான் கெடைக்கும். அவங்களுக்கும் பெருமையா இருக்கும், அது அவங்க ஆளுதான."

கிடங்கில் குதித்த அந்தப் பெண்ணைப் பற்றிப் பெரும்பாலும் வாய்வழிக் கதைகள்தான் உண்டு. அவள் இருந்தாளா என்றுகூடச் சிலர் கேட்கிறார்கள். அப்படிப்பட்டவளுக்கு இருநூறு வருடம் கழித்து, ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு, சாதிச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறார் இவர். ஆட்சி செய்கிறவள் எங்கள் ஆள், எரிந்து போகிறவள் உங்கள் ஆள். இதைச் சொல்லும்போது அவர் குரலில் பகை இல்லை. நியாயமாகப் பங்கு பிரித்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. எந்த மண்ணில் இருந்துகொண்டு? இங்கே எங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் அரபி முதலாளி, கஃபீலுக்கு, நாங்கள் எல்லோரும் வெறும் 'ஹிந்தி', அதாவது இந்தியர். ஊருக்குள்ளா, தள்ளியா என்று எந்த அரபியும் எங்களைக் கேட்டதில்லை. பாஸ்போர்ட்டில் இல்லாத, விசாவில் இல்லாத ஒன்றை இவ்வளவு தூரம் சுமந்து வந்து இறக்கி வைத்தது நாங்களேதான்.

அடுத்த சனிக்கிழமை அவள் அப்பாவைப் பார்க்கிங்கில் நிறுத்திச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"ரோட்டுக்குக் கிழக்கன்னு சொன்னப்பவே தெரியும்மா" என்றார். "பொய் சொல்லிருக்கலாம். புள்ள பக்கத்துல இருந்தா."

"அரசி வேசம் அவளுக்குத்தான். நான் பேசிக்கிறேன்."

"அரசி அவுக வம்சமாவே இருந்துட்டுப் போவட்டும்மா. அதக்கூடத் தாங்கிக்குவேன். எரியுறதுக்கு மட்டும் எம்புள்ளயத் தேடி வாராங்க பாருங்க. மேடையில அவ எரியுறத நான் கீழ ஒக்காந்து கைதட்டணுமாக்கும்." வண்டிச் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "வேணாம். ரெண்டு வேசமும் வேணாம். அவகிட்ட மட்டும் காரணத்தச் சொல்லிறாதீங்க. இங்க பொறந்த புள்ள. அவளுக்கு இது தெரியாது."

மாடியில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். யாரோ ஒரு பிள்ளை வீட்டில் கேட்டதை அரைகுறையாகச் சொல்லியிருக்கிறது.

"அக்கா, என்னைச் சேஞ்ச் பண்ணிட்டீங்களா? லேட்டா வர்றேன்னா? ப்ராமிஸ் அக்கா, இனிமே டாடிய ஏர்லியா கிளம்பச் சொல்றேன்."

லேட் இல்லை என்று சொன்னேன். "அப்போ வொய்?" என்றாள். எனக்குப் பதில் தெரியும். சொல்லும் உரிமை எனக்கு இல்லை. 

அன்று மாலையே சங்கக் கூட்டத்தில் பேசினேன். அரசி அவள்தான், இல்லையென்றால் நாடகம் இல்லை என்றேன்.

"நாடகம் சங்கத்தோடதும்மா" என்றார் அண்ணன்.

"எழுதினது நான்."

"ஒரு வேசத்துக்குப் போயி இவ்வளவு கோவமா? அந்தக் காலத்துல நடந்ததத்தான நடிக்கிறோம்?"

"அந்தக் காலத்துல அந்த அரசி உதவி கேட்டுப் போனப்ப, உதவி பண்றவங்ககிட்ட எந்தத் தெருன்னு கேக்கலண்ணே."

பாயும் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவரைப் பார்த்தேன். கடையில் அவ்வளவு பேசியவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் இருந்த பாதிப் பேர் அவர் கடையில் துணி எடுக்கிறவர்கள். அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் அண்ணன் மேல் இருப்பதைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது.

"சரி, டான்ஸ் வச்சுக்குவோம்" என்றார் அண்ணன். "கலாஸ், முடிஞ்சது."

இன்றைய நிலை இது. நாடகம் நின்றுவிட்டது. ஆண்டு விழா நடக்கும், அந்த நேரத்தில் பிள்ளைகள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். நான் சங்கத்தை விட்டு விலகிவிட்டேன். ராஸ் அல் கைமாவிலிருந்து அவர்கள் இப்போது வருவதில்லை. வளர்ந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்கிறார் அவள் அப்பா. அவளுக்குக் காரணம் இன்னும் தெரியாது.