கஞ்சிக்கு முன் எடுத்த ரத்தம்

வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம் வேண்டும் என்று தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்துக் கயல்விழி காலையிலேயே பேராவூரணிக்கு வந்துவிட்டாள்.

"நோன்பு மாசம், எல்லாரும் பட்டினியா இருப்பீங்கன்னு நெனச்சேம்மா."

ஹபீபுன்னிசா அலுப்போடு சிரித்தாள். "விடியுமுன்ன சஹருக்கு வயிறு முட்டத் தின்னுட்டு இப்பத்தான் கண்ணசந்தோம். சாயங்காலம் கஞ்சி குடிச்சு நோன்பு தொறக்கிறதுக்கு முன்னாடி வா."

குடும்பம் குடும்பமாக உடல் பருப்பதற்கு ரத்தத்தில் காரணம் இருக்கிறதா என்று தஞ்சாவூரில் ஆராய்கிறார்கள். தாயும் மகளும் சேர்ந்து கொடுத்தால்தான் கணக்கில் வரும். போன வாரம் கயல்விழி இதைச் சொன்னபோது, "அப்ப நான் தின்னதால இல்லையா?" என்று கேட்டாள் ஹபீபுன்னிசா.

"அதைத்தாம்மா தேடுறோம்."

அந்த ஒரு வார்த்தையை ஹபீபுன்னிசா பத்திரமாக வைத்திருந்தாள். கல்யாண வீடுகளில் அவள் முகத்தைப் பார்க்கும் முன் தட்டைப் பார்ப்பார்கள். துபாயிலிருந்து கணவர் பேசினாலும், வைக்கும்போது "வாயைக் கட்டு" என்பார். அவளுடைய உம்மாவும் இப்படித்தான் பெருத்து, மூச்சு வாங்கியே போய்ச் சேர்ந்தாள். தின்றுதான் பெருத்தேன் என்று இதுவரை அவள் ஒப்புக்கொண்டதில்லை.

சாயங்காலம் கயல்விழி ஹபீபுன்னிசாவின் கையில் ஊசியை ஏற்றியபோது மெஹராஜ் பேகம் சமோசாத் தட்டோடு உள்ளே வந்தாள். அவள் மகனுக்குத்தான் ஹபீபுன்னிசாவின் மகள் இர்ஃபானாவைப் பேசியிருக்கிறது. நிக்காஹுக்குத் தேதி மட்டும் பாக்கி.

"எதுக்குடி ஹபீபு ரத்தம்?"

கயல்விழி குழாயை மாற்றிக்கொண்டிருந்தாள். அடுத்து தன் முறை என்று இர்ஃபானா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான கை. அந்த வயதில் ஹபீபுன்னிசாவின் கையும் அப்படித்தான் இருந்தது.

"சுகர் பாக்கத்தான் லாத்தா. வாயைக் கட்ட முடியல. பிரியாணின்னா சட்டியோட உக்காந்துடுறேன்."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்று மெஹராஜ் பேகம் சிரித்தாள்.

"எம்பொண்ணு அப்படியில்ல, கோழிக்குஞ்சு மாதிரி கொறிப்பா." கயல்விழியின் பக்கம் திரும்பினாள். "அவளுக்கு எடுக்க வேணாம்மா."

"அப்ப உங்களோடதும் கணக்குல..."

"பரவால்ல."

 கயல்விழி இர்ஃபானாவுக்கென்று எடுத்து வைத்த காலிக் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மெஹராஜ் பேகம் கஞ்சி ஊற்றினாள். எல்லோருக்கும் கிண்ணம் நிறைய, ஹபீபுன்னிசாவுக்குப் பாதி.

"உனக்கு இது போதும்டி."

"போதும் லாத்தா" என்றாள். பகலெல்லாம் பசித்திருந்தது. அதை மெல்லக் குடித்தாள்.